இன்றைய பொய்

என் வீட்டுக்காரர் தத்துவப் பேராசிரியர் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். அடுத்த நிமிஷமே, "அப்படின்னா காலேஜ்ல என்ன சொல்லிக் கொடுப்பாரு?" என்று கேட்பார்கள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அதற்குச் சுருக்கமாக ஒரு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. "ஒரு விஷயம் தெரியும்னு சொல்றோமே, அது நிஜமாவே தெரியுமா, இல்ல தெரிஞ்ச மாதிரி இருக்கா, அதைப் பத்தின பாடம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ஓ" என்பார்கள். பிறகு ஊசி போட்ட இடம் இன்னும் வலிக்கிறது என்று என் வேலைக்கு வந்துவிடுவார்கள். நான் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் படுத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

கல்யாணமான புதிதில் இந்த மனுஷரோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோம் என்று மலைத்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டேன் என்றால், "எப்படித் தெரியும்?" கதவைப் பூட்டிவிட்டேன் என்றால், "எப்படித் தெரியும்?" சந்தேகப் பிராணியைக் கட்டிக்கொண்டோமே என்று அழுதுகூட இருக்கிறேன். கொஞ்ச நாளில் புரிந்தது, இது குணம் இல்லை, தொழில். தையல்காரர் பார்க்கிறவர் சட்டையெல்லாம் அளவெடுப்பதுபோல இவர் கேட்கிற வாக்கியத்தையெல்லாம் அளவெடுக்கிறார். அதிலும் ஒரு நியாயம் உண்டு. தன்னைத்தான் அதிகமாகக் கேட்டுக்கொள்வார். பூட்டின கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பது நான் இல்லை, அவர்தான்.

எங்களோடு நாத்தனாரும் இருக்கிறார், இவருக்கு அக்கா. தம்பிக்கு நேர் எதிர். கைபேசியில் எது வந்தாலும் வேதவாக்கு. வெந்நீர் குடித்தால் பார்வை தெளியும் என்று ஒருநாள் காலையில் சொன்னார். இவர் வழக்கம்போல எப்படித் தெரியும் என்று கேட்க, "நாலு பேர் அனுப்பியிருக்காங்கடா. நெருப்பில்லாமப் புகையுமா?" என்றார். "அந்த நாலு பேருக்கும் யார் அனுப்பினாங்க, அக்கா?" என்று இவர் கேட்டதற்கு, "அதை எதுக்கு நான் கேக்கணும்? நான் என்ன போலீஸா?" என்று வெந்நீர் வைக்கப் போய்விட்டார்.

இவர் பாடம் நடத்துகிற முறை ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒருநாள் காய்ச்சலோடு வகுப்புக்குப் போய், வாய் குழறி, ஒரு கருத்தைத் தலைகீழாகச் சொல்லிவிட்டு வந்தார். பரீட்சையில் வகுப்பு மொத்தமும் அதை அப்படியே தலைகீழாக எழுதி வைத்திருந்தது. ஒரு பிள்ளைக்குக்கூட இது இடிக்கிறதே என்று தோன்றவில்லை. அன்றைக்கு விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வருஷத்திலிருந்து வகுப்புக்கு ஒரு பொய் என்று வைத்துக்கொண்டார். முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுவார்: ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பொய் இருக்கும், கண்டுபிடிப்பது உங்கள் வேலை, அடுத்த வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் நானே உடைத்துச் சொல்வேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவர் வாய்க்கு மாதாமாதம் சம்பளமே கிடைத்தது. நாத்தனார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சாயங்காலம் நான் டியூட்டி முடிந்து வந்து, வீங்கின காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டுக்கொண்டு டீ குடிக்கும்போது கேட்பேன்: "இன்னிக்கு எது பொய்?" அவர் சொல்லுவார். "நேத்து வரைக்கும் நடந்தது நாளைக்கும் நடக்கும், அதுக்கு நேத்து வரைக்கும் நடந்ததே போதுமான சாட்சின்னு சொன்னேன். ஒருத்தன் வாயைத் திறக்கல" என்பார். நம்ம வீட்டுக் குழாயில் நேற்று வரை தண்ணீர் வந்தது, இன்றைக்கு வரவில்லை, அதைப் போய்ச் சொல்லுங்கள் என்பேன். அவருக்கு அது பிடித்துப்போகும். அடுத்த நாள் குழாய் வகுப்புக்குப் போய்விடும். இப்படி என் வீட்டுக் குழாய், என் பால் பாத்திரம், என் ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் கல்லூரியில் பாடமாகியிருக்கின்றன. ஒரு பைசா கேட்டதில்லை நான்.

ஆஸ்பத்திரி வகுப்புக்குப் போன கதை இது. ஒருநாள் வார்டில் ஒரு பெரியவர் சார்ட்டைப் பார்த்தேன். மூன்று ஷிஃப்டாக ஒரே காய்ச்சல் அளவு, புள்ளி மாறாமல். நெற்றியில் கை வைத்தால் கொதிக்கிறது. விசாரித்தால், முதல் ஷிஃப்டுக்காரி ஒருத்திதான் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறாள். அடுத்தவள் அதைப் பார்த்து எழுதினாள், அதற்கடுத்தவள் இவளைப் பார்த்து எழுதினாள். டாக்டர் வந்து, மூன்று பேர் எழுதியிருக்கிறார்களே, காய்ச்சல் ஏறவில்லை என்று போய்விட்டார். வீட்டுக்கு வந்து நான் கத்தின கத்தில் நாத்தனார் டிவியை அணைத்துவிட்டார். இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அது சாட்சி பற்றின பாடமாயிற்று. அந்தப் பாடத்துக்கு அவர் வைத்த பொய் இது: ஒரு செய்தியை எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை மடங்கு அது நம்பத் தகுந்தது, அவர்கள் யாரிடமிருந்து கேட்டார்கள் என்று பார்க்கத் தேவையில்லை. இதைக் குரலை உயர்த்தி, அடித்துச் சொல்லுவார். அடுத்த வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் என் வார்டுக் கதையைச் சொல்லி உடைப்பார். மூன்று பேர் எழுதினாலும் தெர்மாமீட்டர் வைத்தவள் ஒருத்திதானே என்பார். வகுப்பே சிரிக்குமாம். எத்தனையோ வருஷம் இந்தப் பாடம் நடந்தது.

இனி அவருடைய கருவிப் பைத்தியம். டேப் ரெக்கார்டர் வந்த காலத்தில் தன் வகுப்பைத் தானே பதிந்து கேட்டவர். படம் காட்டும் புரொஜெக்டர் கல்லூரிக்கு வந்தபோது அதைத் தொட்ட முதல் ஆள் இயற்பியல்காரர் இல்லை, இவர். எங்கள் பரணில் பாத்திரம் வைக்க இடமில்லை, எல்லாம் ஒயரும் பெட்டியும். நான் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி வாங்கினால், இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்து, எதை நம்புவது என்று ஒரு மணி நேரம் பேசுவார். ஏன் இப்படி என்றால், "மனுஷன்கிட்ட கேக்கிற அதே கேள்விதான் மெஷின்கிட்டயும். இது சொல்றதை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்பார்.

அதனால் கல்லூரியில் வகுப்புகளை வீடியோ எடுத்து, அந்த வீடியோக்களைக் கற்றுக்கொண்டு மாணவர்களுக்குப் பதில் சொல்லும் ஒரு செயலி செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, முன்னால் நின்றவர் இவர்தான். மற்ற வாத்தியார்கள் எல்லாம் வேலை போய்விடும் என்று முனகிக்கொண்டிருந்தபோது, இவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பேசினார். முதல் பாடமாக என் வகுப்பையே எடுங்கள் என்றார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்?

செயலி வந்தது. இவர் குரலிலேயே பேசியது. நாத்தனாருக்கு வாயெல்லாம் பல், "தம்பி ரெண்டு பேராயிட்டான்" என்று. இவர் கைபேசியை மேஜைமேல் வைத்து அதை ஏதோ பாடம் கேட்டார். சரியாகச் சொன்னது. உடனே, "எப்படித் தெரியும்?" என்றார். அவருடைய குரலே அவருக்குப் பதில் சொன்னது: "பேராசிரியர் வகுப்பில் கூறியுள்ளார்." கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்தார். "என் பசங்க யாரும் இவ்வளவு நேர்மையா ஒத்துக்கிட்டதில்ல" என்றார்.

அவருக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. வீடியோ எடுக்கும் அறையில், அட்டெண்டன்ஸ் நேரத்தில் பாடம் எதுவும் இருக்காது, அதையெல்லாம் வெட்டிவிட்டு அதற்குப் பிறகு எடுங்கள் என்று உத்தரவு. மற்ற எல்லா வகுப்புக்கும் அது சரி. இவர் வகுப்பில் முந்தின பாடத்தின் பொய் உடைவது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். வெட்டுகிற ஆளுக்கு அது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஊர் உலகத்தையே எப்படித் தெரியும் என்று கேட்ட மனுஷர், முழு வகுப்பும் பதிவாகிறது என்று நமக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. பொய்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. திருத்தம் ஒன்றுகூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பு காலியாக ஆரம்பித்தது. வீடியோ இருக்கும்போது காலையில் எழுந்து எவன் வருவான்? வருகைப் பதிவு கட்டாயமில்லை என்றும் ஆக்கிவிட்டார்கள். கடைசி வருஷத்தில் அந்தப் பெரிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்களாம். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடப்போவதில்லை, செயலியே போதும் என்று முடிவாகிவிட்டது. எல்லாம் தெரிந்தும் தினம் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் டீ குடிக்கும்போது பேச்சே குறைந்துவிட்டது. நான் எது பொய் என்று கேட்டால் சொல்லுவார். ஆனால் அதில் ருசி இல்லை. எனக்கும் ஆஸ்பத்திரியில் ஆள் குறைத்து, ஒருத்தி இரண்டு வார்டு பார்க்கிற நிலைமை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் சரிந்து கிடப்போம்.

அவர் ஓய்வு பெறுகிற மாதம் ரிசல்ட் வந்தது. ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ஒரு பெண், கையில் விடைத்தாள் நகல். காலியான வகுப்புக்கும் தவறாமல் வந்த மூன்று பேரில் ஒருத்தி. முன் பெஞ்சு என்று இவர் வீட்டில் சொல்வது இவளைத்தான். அந்தத் தாளில் அவளுக்குத் தேறவில்லை. சாட்சி பற்றிய பெரிய கேள்விக்கு முட்டை போட்டிருந்தார்கள். ஒரு அலுவலகத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. அடுத்த மாதம் பத்து தேதிக்குள் பட்டச் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் சம்பாதிக்க வேறு யாரும் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய தேய்ந்து தைத்த செருப்பைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

"சார், நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்றாள். "நீங்க சொன்னது இது இல்லன்னு மார்க் போடலை."

இவர் தாளை வாங்கிப் படித்தார். நிறையப் பேர் சொன்னால் மட்டும் போதாது, அவர்கள் தனித்தனியாகப் பார்த்தவர்களா என்று கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். என் வார்டும் அதில் இருந்தது. படித்து முடித்துவிட்டு அந்த நேரத்திலும் கேட்டார் பாருங்கள், "நான் சொன்னேன்கிறதுக்காக எழுதினியா?" என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மட்டும் நிதானமாக, "இல்ல சார். நீங்க முதல்ல சொன்னப்பவே இடிச்சது. அதான் எழுதினேன்" என்றாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கைபேசியை எடுத்துச் செயலியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் குரல், அதே ஏற்றம், அதே அழுத்தத்தோடு பொய்யைச் சொன்னது. எப்படித் தெரியும் என்றார். பேராசிரியர் வகுப்பில் கூறியுள்ளார் என்றது. இந்தத் தடவை சிரிக்கவில்லை. விடைக்குறிப்பும் இந்தச் செயலியை வைத்துத்தான் தயாரானது என்று அந்தப் பெண் சொன்னாள். மற்ற தொண்ணூறு பேரும் செயலி சொன்னதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறார்கள். வகுப்புக்கு வந்த மற்ற இரண்டு பேரையும் இவர் கூப்பிட்டுக் கேட்டார். நீங்கள் திருத்தினது நினைவில்லை சார் என்றார்கள். மறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர்களும் செயலியின் பதிலைத்தான் எழுதித் தேறியிருந்தார்கள். நினைவு வந்தால் மார்க் போய்விடும்.

கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போன அன்று அவருக்குக் கடைசி வேலை நாள். முந்தின இரண்டு நாளாக அவருக்குத் தலை சுற்றல், அதனால் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்காரத்தான் நினைத்தேன். முதல்வர், "நீங்களும் உள்ள வாங்கம்மா" என்றார். அறையில் தேர்வு அதிகாரியும் இருந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. மேஜைமேல் கண்ணாடிக்கு அடியில் பழைய கால அட்டவணை, அதில் என் வீட்டுக்காரர் பாடம் வாரம் ஐந்து நாளும் இருந்தது.

இவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். இரண்டு புத்தகம் கொண்டுபோயிருந்தார், பக்கத்தில் அடையாளம் வைத்து. தேர்வு அதிகாரி அவற்றைத் திறக்கவில்லை. இந்தத் தாளுக்கு வகுப்புப் பதிவுதான் பாடநூல் என்று இவரே முன்மொழிந்து நிறைவேறின தீர்மானம் இருக்கிறதாம். புத்தகம் எல்லாம் கூடுதல் வாசிப்பு. அப்புறம், வேண்டுமென்றே வகுப்பில் பொய் சொன்னேன் என்கிறீர்கள், இப்போது சொல்வது மட்டும் மெய் என்று நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது, புலி வருது கதையாக இருக்கிறதே என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"செயலி சொல்லுது. விடைக்குறிப்பு சொல்லுது. தொண்ணூறு விடைத்தாள் சொல்லுது. நீங்க ஒருத்தர், அந்தப் பொண்ணு ஒருத்தி, இல்லைங்கறீங்க" என்றார் தேர்வு அதிகாரி. "நாங்க எதை சார் நம்புறது?"

என் வீட்டுக்காரர் கொண்டுபோன புத்தகங்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "சார், செயலி எங்கிட்ட கேட்டுச்சு. விடைக்குறிப்பு செயலிகிட்ட கேட்டுச்சு. பசங்க அதைக் கேட்டு எழுதினாங்க. இவ்வளவும் ஒரே வாய். அந்த வாய் என்னோடது" என்றார்.

முடிந்தது, ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எத்தனை வருஷப் பாடம், கண்ணெதிரே அப்படியே நிற்கிறதே! எனக்கும் பொறுக்கவில்லை, என் வார்டையும் அந்தப் பெரியவரின் காய்ச்சலையும் சொன்னேன். முதல்வர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் நல்ல மனுஷர், புரியாமல் இல்லை. புரிந்தது என்பதால்தான் அவர் முகம் அப்படித் தொங்கிப்போயிற்று.

விஷயம் இதுதான் என்று அவர் சொன்னார். விடைக்குறிப்பை மாற்றினால் தொண்ணூறு பேர் மார்க் இறங்கும். நாளைக்கே வாசலில் கூட்டம் நிற்கும். செயலியை வேறு கல்லூரிகளும் வாங்கியிருக்கின்றன. வேண்டுமென்றே பொய் கற்பித்தேன் என்று இவர் எழுதிக்கொடுத்தால் விசாரணை வைக்க வேண்டும், அது முடிய மாதக் கணக்காகும். அதற்குள் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். ஒரே ஒரு வழி இருக்கிறது. பாடம் நடத்தினதில் ஆசிரியர் தவறு செய்துவிட்டார் என்றால், அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் முழு மார்க் கொடுக்க விதி இடம் கொடுக்கிறது. யாருக்கும் இறங்காது. அவளும் தேறிவிடுவாள்.

காகிதம் முன்னாலேயே தயாராக இருந்தது. 'முதுமையின் காரணமாகவும் கவனக்குறைவாலும் இந்தப் பாடத்தில் தவறான கருத்தை உண்மையென நம்பிக் கற்பித்துவிட்டேன்.' அவ்வளவுதான்.

"போடாதீங்க" என்றேன். வாயை விட்டே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லக்கூட யோசிக்கிற மனுஷர் அவர். தவறாக நம்பினாராம், முதுமையாம், கவனக்குறைவாம். இத்தனை வருஷம் கவனம் ஒன்றைத்தானே கற்றுக்கொடுத்தார்? எனக்கு அந்த நான்கு பேனாவையும் பிடுங்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. செயலியில் உள்ளதைத் திருத்துவீர்களா என்று கேட்டார். இந்த ஒரு பாடத்தை எடுத்துவிடுவோம் என்றார் முதல்வர். "இது ஒண்ணு இல்ல சார். ஒவ்வொரு பாடத்துலயும் ஒண்ணு இருக்கு" என்று இவர் ஆரம்பித்ததும் முதல்வர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். "அதை இப்ப சொல்லாதீங்க, தயவுசெஞ்சு" என்றார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, இந்த வாரமே அந்தப் பொண்ணுக்குச் சர்டிபிகேட் கிடைக்குமா?" என்று கேட்டார் இவர்.

"கிடைக்கும்" என்றார் தேர்வு அதிகாரி.

"எப்படித் தெரியும்?"

தேர்வு அதிகாரிக்கு முகம் சிவந்தது. முதல்வர்தான், "நான் சொல்றேன் சார்" என்றார். என் வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஆள் வெறுமனே சொன்னதை வேறு எதுவும் கேட்காமல் இவர் ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "சரி" என்றார். பேனா அவரிடம் இருந்தது, ஆனாலும் தேர்வு அதிகாரியின் பேனாவை வாங்கிப் போட்டார். வழக்கமான கையெழுத்துத்தான்.

முதல்வர் வாக்குத் தவறவில்லை. அன்று மத்தியானமே உத்தரவு போட்டார். முன் பெஞ்சு அந்த வாரக் கடைசியில் சான்றிதழோடு போய் வேலையில் சேர்ந்துவிட்டாள், அதை அவளே வந்து சொன்னாள். நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி நாள் சாயங்காலத்தை.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். நானும் நின்றேன், என் காலுக்கும் அது தேவையாக இருந்தது. கதவைத் திறந்த நாத்தனார் கையில் கைபேசி, முகம் கறுத்துக் கிடந்தது. விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. பேராசிரியருக்கு வயதாகிவிட்டது, பாடத்தையே தப்பாக நடத்தியிருக்கிறார், எழுதிக் கொடுத்துவிட்டார் என்று.

"நாலு பேர் அனுப்பிட்டாங்கடா" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது. இவர் அக்காவின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் டீ போட்டேன். அழுகை வந்துகொண்டிருந்தது, பாத்திரச் சத்தத்தில் அதை அடக்கினேன். அந்தக் கல்லூரி மேல், அந்தச் செயலி மேல், அதைக் கொண்டுவரச் சொல்லி கூட்டத்துக்குக் கூட்டம் பேசின இந்த மனுஷர் மேல், எல்லார் மேலும் ஆத்திரம். அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து காலை ஸ்டூலில் போட்டேன். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இன்னிக்கு எது பொய்?"

"கையெழுத்து" என்றார்.

காலை ஸ்டூலிலிருந்து இறக்கி, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எப்போ திருத்துவீங்க?" என்றேன்.

"வேற எப்போ? அடுத்த வகுப்புல, அட்டெண்டன்ஸ் எடுத்ததும்" என்றார். சொல்லிவிட்டு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு அடுத்த வகுப்பு என்று ஒன்று இனி இல்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.